மின் உளியா, கை உளியா? மரச் செதுக்கலில் எதை எங்கே எடுப்பது

மின் உளி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கை உளியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிட வேண்டியது, உளியை அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளியோடு. கைப்பிடிக்குள் இருக்கும் பொறி, உளியை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் குத்துகிறது. அது செய்வது அவ்வளவுதான். வெட்டுவது உளியின் கூர். கோணம் மாறாமல் பிடிப்பதும், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதும் இன்னமும் உங்கள் பொறுப்பு. கொட்டாப்புளி வீசி வீசித் தோள் சோர்ந்துபோகும் வேலையில் மின் உளி பெரிய உதவி. கொட்டாப்புளியே தேவைப்படாத வேலையில் அது வெறும் சத்தம்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். சுழலும் பர் (சின்ன அரைமுனை) பொருத்திய கருவிகளும், ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பல்வட்டுகளும் மரத்தை அரைத்துத் தள்ளுபவை, தூசி கிளப்புபவை. இங்கே பேசுவது அவற்றைப் பற்றி அல்ல. முன்னும் பின்னும் குத்தும் மின் உளி கை உளியைப் போலவே சில்லு சில்லாகத்தான் எடுக்கும். தூசி மிகக் குறைவு என்பதால் வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இதுவே பெரிய காரணமாகிவிடுகிறது.

மூன்று வகை மின் உளி

முதல் வகையில் மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். செருகினால் வேலை தொடங்கலாம். சின்னக் கருவிகள் நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை குத்தும். ஒவ்வொரு குத்தும் மிகக் குறுகியது. மோட்டாரின் எடையும் சூடும் கையிலேயே இருப்பது இதன் குறை.

இரண்டாவது, தொங்கவிட்ட மோட்டாரிலிருந்து வளையும் தண்டு வழியாக ஓடும் கைப்பிடி. கையில் எடை குறைவு, நுண்வேலைக்கு வசதி. ஆனால் தொங்கும் மோட்டார்களில் பலவும் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். குத்தும் கைப்பிடிக்கு அவ்வளவு வேகம் ஆகாது. கைப்பிடியோடு வரும் கையேட்டில் அதற்கென்று ஒரு வேக வரம்பு இருக்கும். வேகத்தைக் கூட்டும் கால் மிதியை முழுக்க அழுத்திவிட்டு, "கைப்பிடி சுடுகிறதே, உள்ளே தேய்ந்துவிட்டதே" என்று வருந்துவதில் பயனில்லை. தண்டையும் கூர்மையாக வளைக்கக் கூடாது. அகன்ற வளைவாகத் தொங்கவேண்டும். இறுக்கி வளைத்தால் உள்ளே உராய்ந்து சூடாகும், சீக்கிரம் அறும்.

மூன்றாவது, ஆங்கிள் கிரைண்டரின் தலையில் மாட்டும் உளிப்பகுதி. முரட்டு பலம். பெரிய கட்டையைக் குடையவும் முழு உருவத்தின் முதல் வடிவத்தைக் கொண்டுவரவும் ஏற்றது. இலை நரம்பு, கண் இமை போன்றவற்றுக்கு இதைக் கொண்டு போக வேண்டாம்.

நல்ல மின் உளிகளில் பொதுவாக ஒரு குணம் உண்டு: மோட்டார் ஓடினாலும் உளி அசையாமல் நிற்கும். நுனியை மரத்தில் வைத்து அழுத்தும்போதுதான் குத்தத் தொடங்கும். கோட்டின்மேல் நிதானமாக நுனியை வைத்துவிட்டு வேலையைத் தொடங்க இது வழி செய்கிறது. வாங்கும்முன் இதைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

மரம் என்ன சொல்கிறது

எந்தக் கருவி என்பதை முதலில் தீர்மானிப்பது மரத்தின் கடினம். கடினத்தை எண்ணால் சொல்லும் ஜங்கா அளவில் பாஸ்வுட் சுமார் 410. தேக்கும் கறுப்பு வால்நட்டும் 1,000-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளை ஓக் 1,360 அளவில், கடின மேப்பிள் 1,450 அளவில், ஈட்டி என்னும் இந்திய ரோஸ்வுட் 2,400-ஐத் தாண்டும்.

பாஸ்வுட் போன்ற மென்மரத்தில் கூரான உளியை உள்ளங்கையால் தள்ளினாலே சீவல் சுருண்டு வரும். அங்கே மின் உளி மிச்சப்படுத்தும் நேரம் சொற்பம். அதோடு, நுனி நினைத்ததைவிட ஆழமாகப் பாய்ந்துவிடும். கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் மென்மையான நார் வெட்டுப்படாமல் நசுங்கிப் பிய்ந்துபோகும். தேக்கு, வால்நட் இரண்டும் நடுவில்: சின்ன வேலைக்குக் கை, பெரிய பரப்புக்கு இயந்திரம். ஓக், மேப்பிள், ஈட்டி என்று மேலே போகப் போகத்தான் மின் உளி தன் விலைக்கு வேலை செய்யும். கொட்டாப்புளியால் ஐந்தாறு அடி அடித்தும் நகர மறுக்கும் இடத்தில், ஆயிரம் சின்னக் குத்துகள் நாரை நிதானமாக அறுத்துக்கொண்டு போகும்.

நன்கு உலராத பச்சை மரம் வேறு கதை. ஈரநார் மென்மையாக இருப்பதால் கடின மரம்கூடக் கை உளிக்கு வழிவிடும். கரண்டி, கிண்ணம் போன்றவற்றைப் பச்சையிலேயே முரட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உலரவிட்டுக் கடைசி மெருகு கொடுப்பதற்கு மின்சாரம் தேவையே இல்லை.

வேலை என்ன சொல்கிறது

புடைப்புச் சிற்பத்தில் உருவத்தைச் சுற்றியுள்ள பின்தளத்தை 10, 15 மில்லிமீட்டர் இறக்குவது, தட்டு குடைவது, முழு உருவத்தில் கைகளுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மரத்தை எடுப்பது: இவையெல்லாம் மின் உளிக்கான வேலை. மரம் போகவேண்டும், அவ்வளவுதான். எப்படிப் போனது என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

எழுத்து செதுக்குவது, முக்கோணச் சில்லெடுத்து அலங்காரம் செய்வது, முகம், விரல், துணி மடிப்பின் கடைசி ஓரம்: கை. காரணம் நேரமல்ல, தடம். கை உளி ஒரே தள்ளில் விடும் தடம் பளபளப்பாக இருக்கும். அதை அப்படியே விட்டுவிடலாம், மணல்தாளே வேண்டாம். மின் உளியின் தடத்தில் உற்றுப் பார்த்தால் நெருக்கமான நுண்ணலைகள் தெரியும். எண்ணெய் பூசியதும் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

நேர் கீழாகக் குத்தும் தடுப்பு வெட்டும் கைக்குத்தான். ஒரு பூவிதழின் ஓரத்தில் உளியை நிமிர்த்தி வைத்து கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் ஆழம் எவ்வளவு என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். மின் உளியில் அந்த அளவு கிடைக்காது.

உடம்பு என்ன சொல்கிறது

மணிக்கட்டு வலியும் முழங்கை வலியும் உள்ளவர்கள் மின் உளியை விரும்புவதில் நியாயம் இருக்கிறது: கொட்டாப்புளியின் அதிர்ச்சி போய்விடுகிறது. ஆனால் அதன் இடத்தில் அதிர்வு வந்து உட்காருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44/இசி விதி, 8 மணி நேர வேலைநாளின் சராசரியாக 2.5 மீ/வி² அதிர்வு வந்தாலே நடவடிக்கை எடுக்கவேண்டும், 5 மீ/வி²-க்கு மேல் போகவே கூடாது என்கிறது. கருவியின் கையேட்டில் இந்த எண் இருக்கும். கணக்கு சுலபம்: 5 என்று போட்டிருந்தால் முதல் வரம்பை 2 மணி நேரத்தில் தொட்டுவிடுவீர்கள், 10 என்றால் அரை மணி நேரத்தில். எண் இரட்டிப்பானால் நேரம் கால் பங்காகிறது. அந்த நேரம் உளி மரத்தைத் தொட்டிருக்கும் நேரம்தான், மேசையில் உட்கார்ந்திருக்கும் மொத்த நேரம் அல்ல.

விரல் நுனி மரத்துப்போவதும், குளிரில் வெளுப்பதும் எச்சரிக்கை. அதைக் கண்டால் அன்றைய வேலையை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தம் 85 டெசிபலை எட்டுகிற கருவி என்றால் காதுக்கவசம் போட்டுக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

ஒரு சோதனை

வாங்கும்முன் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் செதுக்கும் மரத்திலேயே 10 × 10 சென்டிமீட்டர் சதுரங்கள் இரண்டு வரையுங்கள். இரண்டையும் 10 மில்லிமீட்டர் ஆழம் இறக்கவேண்டும். எடுப்பது தலா 100 கன சென்டிமீட்டர் மரம். ஒன்றைக் கை உளியாலும் கொட்டாப்புளியாலும், மற்றதை மின் உளியால். இரண்டு உளியும் அப்போதுதான் தீட்டியவையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சோதனை கூரைப் பற்றியதாகிவிடும். நேரத்தைக் குறியுங்கள். பிறகு அடித்தளத்தைக் கையால் தடவிச் சமன் செய்ய எவ்வளவு நேரமாகிறது என்றும் தனியாகக் குறியுங்கள். பலர் இந்த இரண்டாவது எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் பாதியைச் சமன் செய்வதே விழுங்கிவிடும் மரங்கள் உண்டு.

முதலில் எதை வாங்குவது

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கை உளிகள் முதலில். வளைவு உளிகளுக்கு எண் உண்டு: ஷெஃபீல்டு வரிசையில் 1 தட்டை, 2 சாய்முனை, 3 லேசான வளைவு, அங்கிருந்து ஏறி 9 ஏறக்குறைய அரைவட்டம், 11 ஆழமான ‘யு’. சுவிஸ் வரிசை கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு நிறுவனங்களின் உளிகளை எண்ணை மட்டும் பார்த்துக் கலக்காதீர்கள். காகிதத்தில் நுனியை அழுத்தி வளைவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொடங்க ஆறு போதும்: செதுக்குக் கத்தி ஒன்று, 3-ஆம் எண் 12 மி.மீ., 5-ஆம் எண் 14 மி.மீ., 9-ஆம் எண் 8 மி.மீ., 11-ஆம் எண் 3 மி.மீ., 60 டிகிரி ‘வி’ உளி 6 மி.மீ. கூடவே 400 முதல் 500 கிராம் எடையில் உருண்டைத் தலைக் கொட்டாப்புளி. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டை உளிகள் தள்ளுவதற்கு மட்டுமே. அவற்றைக் கொட்டாப்புளியால் அடித்தால் பிடி பிளக்கும்.

மின் உளியில் பார்க்கவேண்டியவை: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, கையேட்டிலுள்ள அதிர்வு எண், தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்ற வரம்பு, கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா, முக்கியமாக உளியின் தண்டு அளவு. வெவ்வேறு நிறுவனங்களின் உளிகள் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தாது. பொருந்தாததைத் துணி சுற்றி இறுக்குவது ஆபத்து: குத்தும் வேகத்தில் நழுவி வெளியே வரும். பெட்டியில் பத்து உளி வருவதைவிட நல்ல எஃகில் நான்கு இருப்பது மேல்: ஒரு ‘வி’, ஒரு ஆழ வளைவு, ஒரு லேசான வளைவு, ஒரு தட்டை.

கூர்

மின் உளி பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை கூர் பற்றியவை. மோட்டார் தள்ளுவதால் மழுங்கிய உளியும் கொஞ்ச நேரம் வெட்டுவதுபோல் பாவனை காட்டும். கையால் தள்ளும்போது மழுங்கியதைத் தோள் உடனே சொல்லிவிடும். மின் உளியில் அந்தச் செய்தி தாமதமாக, பிய்ந்த நாராகவும் சுடும் கைப்பிடியாகவும்தான் வந்து சேரும்.

கை உளிக்கு மென்மரத்தில் 20 முதல் 25 டிகிரி, கொட்டாப்புளியால் அடித்துக் கடின மரம் வெட்ட 25 முதல் 30. மின் உளிக்குத் தொழிற்சாலைக் கோணத்தையே காப்பாற்றுங்கள். கடின மரத்தில் விளிம்பு பொடிந்தால் மட்டும் இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள்.

1,000 எண் கல்லில் சரிவு முழுதும் படியும்படி, வளைவு உளியை உருட்டிக்கொண்டே தீட்டுங்கள். உட்பக்கம் நீளம் முழுக்கப் பிசிறு எழும்பியதும் நிறுத்தலாம். ஓரிடத்தில் மட்டும் எழுந்திருந்தால் மற்ற இடம் இன்னும் கல்லைத் தொடவில்லை என்று பொருள். பிறகு பாலிஷ் பேஸ்ட் தேய்த்த தோல் பட்டையில் பின்னோக்கி மட்டும் இழுங்கள். இழுப்பின் கடைசியில் பிடியைத் தூக்கும் பழக்கம் கூரை உருட்டிவிடும்; தீட்டத் தீட்ட மோசமாகிறதே என்பவர்களிடம் பெரும்பாலும் இந்தத் தூக்கல்தான் இருக்கும்.

பெஞ்ச் கிரைண்டரில் உலர்வாகத் தேய்த்து நுனி நீலமானால் அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது. கார்பன் எஃகு என்றால் பதம் போய்விட்டது. நீலம் முழுதும் போகும்வரை தண்ணீரில் நனைத்து நனைத்துப் பின்னுக்குத் தேய்க்கவேண்டும். மின் உளிகள் மெல்லியவை, நொடியில் நீலமாகும். அவற்றைக் கிரைண்டருக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

விளக்கடியில் கூரை நேராகப் பார்த்தால் மின்னும் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அங்கே மழுக்கம். எதுவும் தெரியாமல் கருமையாக இருந்தால் சரி. இன்னும் சந்தேகமென்றால் பைன் துண்டின் குறுக்கே ஒரு வெட்டு: தடம் பளபளவென்று இருக்கவேண்டும், வெள்ளைக் கீறல்கள் ஓடக் கூடாது. வேலையின் நடுவே 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தோல் பட்டையில் பத்து இழுப்பு. கல் எப்போதாவதுதான் தேவைப்படும்.

இரண்டையும் சேர்த்து: ஒரு பின்தளம் இறக்குவது

1. மரத்தைப் பலகையோடு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுப் பிணையுங்கள். மின் உளி ஓடும்போது மரத்தை ஒரு கையால் பிடிக்கவே கூடாது; இரண்டு கையும் கருவியின் மேல், நுனிக்குப் பின்னால். வெட்டுத் தடுக்கும் கையுறை கீறலைத் தடுக்கும், குத்தைத் தடுக்காது.

2. உருவத்தின் கோட்டுக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி ‘வி’ உளியால் கையால் சால் ஓட்டுங்கள். இது இயந்திரத்துக்கு வேலி. பின்தளம் இறங்க இறங்க இதை மறுபடி ஓட்டவேண்டியிருக்கும்.

3. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆழ வளைவு உளியை மாட்டுங்கள். நட்டைச் சாவியால் இறுக்கி, உளியை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் இன்னும் இறுகவில்லை.

4. குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். நுனியை வெளி விளிம்பில் வைக்காமல் உள்ளிருந்து, நாருக்குக் குறுக்காக ஓட்டுங்கள். குறுக்காகப் போனால் சில்லு சீக்கிரம் உடைந்து விழும், பிளவு ஓடாது. சரிவு மரத்தில் படிந்து போகும் கோணமே சரியான கோணம். பிடியைத் தாழ்த்தினால் உளி மேலே வரும், உயர்த்தினால் புதையும்.

5. தள்ளாதீர்கள். கருவியின் எடையும் கொஞ்சம் அழுத்தமும் போதும். அதிகம் அழுத்தினால் குத்தின் நீளம் செத்து, அதிர்வு முழுதும் கைக்குத் திரும்பும். மோட்டார் முனகும் சத்தமே அதைச் சொல்லும்.

6. முடிவு ஆழத்துக்கு 2 மில்லிமீட்டர் மிச்சமிருக்கையில் இயந்திரத்தை அணையுங்கள். மீதி 3-ஆம் எண் கை உளிக்கு, நார் சரியும் திசையில்.

7. கோட்டின் ஓரம் கடைசியாக: உருவத்தின் வளைவுக்கு ஒத்த உளியை நிமிர்த்தித் தடுப்பு வெட்டு, பிறகு தளத்திலிருந்து அதைத் தொடும் வெட்டு.

கெட்டுப்போகும் இடங்கள்

நார் பிய்ந்து குழி விழுந்தால் நாருக்கு எதிராகப் போயிருக்கிறீர்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து வாருங்கள். கணுவைச் சுற்றி நார் திசை மாறிக்கொண்டே இருக்கும், அங்கே மின் உளியை நிறுத்திவிட்டுக் கைக்கு மாறுங்கள். தளத்தில் பெரிய அலை விழுந்தால் முதலில் நட்டு தளர்ந்திருக்கிறதா பாருங்கள், அடுத்துக் கோணம் நிமிர்ந்திருக்கிறதா என்று. நுனி ஒடிந்தால் பெரும்பாலும் சில்லை நெம்பி எடுத்ததுதான் காரணம். மாட்டிய உளியை விடுவிக்க வந்த வழியே பின்னால் இழுங்கள்; பக்கவாட்டில் ஆட்டினால் மெல்லிய நுனி தாங்காது. கைப்பிடியின் மூக்கு தொட முடியாத அளவு சுட்டால் ஆறவிடுங்கள், கூரைப் பாருங்கள், பிறகு கையேடு சொல்லும் மசகு.

கோட்டைத் தாண்டி உருவத்துக்குள் பாய்ந்துவிட்டால், முதலில் பிய்ந்த சில்லைத் தேடிப் பிடியுங்கள். தரையைக் கூட்டுவதற்கு முன் தேடுங்கள். சில்லு கிடைத்தால் மரப்பசை வைத்து, நார் ஒன்றோடொன்று சேரும்படி அழுத்தி, டேப் போட்டு ஒரு நாள் விட்டால் தடமே தெரியாது. கிடைக்காவிட்டால் அதே பலகையிலிருந்து, அதே நார் ஓட்டத்தில் ஒரு துண்டு வெட்டி ஒட்டவேண்டும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது எண்ணெய் பூசியதும் கருத்துத் தெரியும். பாய்ச்சல் ஆழமில்லை என்றால் ஒட்டவே வேண்டாம்: உருவத்தின் அந்த ஓரத்தையே ஒரு மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தி, அருகிலுள்ள வளைவுகளையும் அதற்கேற்ப இழுத்துவிடலாம்.